‘பார்க்கப் புறப்பட்டாள்’ என்பதில் என்ன குற்றம்?

கேள்விக்குறி: நல்லாசிரியை அம்மா போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை. வாலிபப் பெண்களுக்குப் பரிசுத்தம் பற்றிச் சொல்ல வேதத்தில் ஆதியாகமம் 34-இல் வரும், யாக்கோபின் மகள் தீனாளின் கதை ஒன்றே போதுமாம். எப்படிச் சொல்வது என்றும் கற்றுத்தருகிறார். முதல் வசனத்தில் ‘தேசத்துப் பெண்களைப் பார்க்கப் புறப்பட்டாள்’ என்று வருகிறதல்லவா, அங்கேயே நிறுத்தி, எல்லாம் கெட்டது இங்கேதான் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமாம். ஏன் அங்கே நிறுத்த வேண்டும்? அடுத்த வசனத்தில் அந்தத் தேசத்துப் பிரபுவின் மகன் சீகேம் அவளைக் கண்டான், கொண்டுபோனான், தீட்டுப்படுத்தினான். செய்தது எல்லாம் அவன். பாடம் மட்டும் அவளுக்கா?

நல்லாசிரியை: தம்பி, 22 வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். நீங்கள் எத்தனை வருடம்? சீகேமை நான் நல்லவன் என்று எங்கே சொன்னேன்? என் முன்னால் உட்கார்ந்திருப்பது சீகேம் இல்லை, பதினைந்து வயதுப் பெண் பிள்ளைகள். அவர்களுக்கு எது உதவுமோ அதைச் சொல்கிறேன். ‘புறப்பட்டாள்’ என்று வேதத்தில் இருக்கிறது. நானா எழுதினேன்?

ஒலிவக்கிளை: ரெபெக்காளும் புறப்பட்டாள், அம்மா. ஆதியாகமம் 24:15. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டு வந்தாள். எபிரெயத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். அவளுக்கு ஈசாக்கோடு நல்ல சம்பந்தம் அமைந்தது. அந்த வகுப்பில் ‘தினமும் புறப்படுங்கள், பிள்ளைகளே’ என்று சொல்வீர்களோ?

நல்லாசிரியை: ரெபெக்காள் தண்ணீர் எடுக்கப் போனாள், வேலையாகப் போனாள். இவள் வேடிக்கை பார்க்கப் போனாள். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் எபிரெயம் பேச வந்துவிடுகிறீர்கள்.

கேள்விக்குறி: வசனத்தில் வேடிக்கை எங்கே இருக்கிறது? பெண்களைப் பார்க்கப் போனாள், அவ்வளவுதான். வேதம் பெயர் சொல்லும் யாக்கோபின் மகள் அவள் ஒருத்தி. வீட்டில் பன்னிரண்டு ஆண் பிள்ளைகள். இன்னொரு பெண்ணிடம் நாலு வார்த்தை பேசத் தோன்றாதா? அப்புறம், நான் தம்பி இல்லை. எனக்கு 51 வயது.

நல்லாசிரியை: பன்னிரண்டு இல்லை, பதினொன்று. பென்யமீன் 35-ஆம் அதிகாரத்தில்தான் பிறக்கிறான். முதலில் வேதத்தை ஒழுங்காக வாசியுங்கள், அப்புறம் எனக்குப் பாடம் எடுக்கலாம்.

பழைய_ஏடு: அம்மா இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் ராஷி என்ற யூத உரையாசிரியர் இதே சொல்லைப் பிடித்துக்கொண்டார். லேயாளும் ஒருநாள் புறப்பட்டுப் போனவள் (30:16), தாயைப் போல மகள் என்றார். அடுத்த நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துப் பெர்னார்டு, பெருமைக்கு முதல் படி வேடிக்கை பார்க்கும் ஆசைதான் என்று எழுதி, அதற்குத் தீனாளையே உதாரணம் காட்டினார்.

நல்லாசிரியை: பார்த்தீர்களா? எவ்வளவு பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்! நன்றி பிரதர்.

பழைய_ஏடு: எனக்கு எதற்கு நன்றி? தப்பு பழையது என்று சொல்ல வந்தேன். பழமைதான் வேண்டும் என்றால் சபைப் பிதா அகுஸ்தீன் இவர்களுக்கெல்லாம் முந்தியவர். 410-இல் ரோம் சூறையாடப்பட்டபோது பலாத்காரத்துக்கு ஆளான கிறிஸ்தவப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மனம் சம்மதிக்காதபோது உடம்புக்கு நேர்ந்த கொடுமையால் கற்பு போய்விடாது என்கிறார்.

நல்லாசிரியை: அகுஸ்தீன் புறப்பட்டதைப் பற்றிப் பேசினாரா? இல்லை அல்லவா? நாம் பேசிக்கொண்டிருப்பது புறப்பட்டதைப் பற்றி.

ஒலிவக்கிளை: சரி, புறப்படாதவளைப் பற்றிப் பேசுவோம். 2 சாமுவேல் 13, தாமார். அவள் தானாக எங்கேயும் போகவில்லை. அப்பா தாவீது சொல்லி அனுப்பித்தான் அண்ணன் அம்னோனுக்குப் பலகாரம் செய்யப் போனாள். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னாள், நியாயம் பேசினாள். அவளை விட்டானா? உங்கள் கணக்குப்படி அவள் எந்த வசனத்தில் தப்பு செய்தாள்?

நல்லாசிரியை: தாமார் தனிப் பாடம். அது நாலாவது வாரம்.

செபமாலை: எங்கள் கத்தோலிக்கப் பக்கத்திலும் இந்தத் தலைவலி உண்டு. மரியா கொரற்றி 1902-இல் பதினொரு வயதில், பலாத்காரத்துக்கு இணங்காததால் குத்திக் கொல்லப்பட்டாள், 1950-இல் புனிதராக அறிவிக்கப்பட்டாள். சாகும்போது குத்தியவனை மன்னித்தாளே, அதுதான் அந்தக் கதையின் உயிர். ஆனால் வகுப்பில் ‘செத்தாலும் பரவாயில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். உயிரோடு தப்பிய பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தால் அவளுக்கு அது எப்படிக் கேட்கும்? தீனா கதையிலும் அதே கேள்விதான்.

நல்லாசிரியை: தீனா இல்லை, தீனாள். புனிதர் கதை வேதத்தில் இல்லை, அதை இங்கே கலக்க வேண்டாம்.

செபமாலை: எங்கள் மொழிபெயர்ப்பில் தீனாதான். கிறிஸ்துமஸ் நாடகப் பேச்சிலும் இப்படித்தான் ‘உங்கள் பக்கம், எங்கள் பக்கம்’ என்று ஆரம்பித்தீர்கள். நான் மறக்கவில்லை.

நல்லாசிரியை: நாடகத்தை நான் இழுக்கவில்லை, நீங்கள்தான் இழுக்கிறீர்கள். அன்றைக்கும் வாக்குவாதத்தைத் தொடங்கியது நீங்கள்தான்.

மௌனவாசகி: இங்கே முதல் தடவை எழுதுகிறேன். பரிசுத்தம் என்று எதைச் சொல்கிறோம்? உடம்பையா, மனசையா? மாற்கு 7-இல் மனுஷனைத் தீட்டுப்படுத்துவது உள்ளேயிருந்து வருவது என்கிறார் இயேசு. எனக்குப் பதினாறு வயதில் ஒரு வகுப்பில் ரோஜாப் பூவைக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்பினார்கள். கடைசியில் கசங்கிப்போன பூவைத் தூக்கிப் பிடித்து, ‘இது யாருக்கு வேண்டும்?’ என்று கேட்டார்கள். அதற்கு முந்தைய வருடமே எனக்கு ஒன்று நடந்திருந்தது. நான் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டது இல்லை. அந்தப் பூவை நான்தான் குப்பையில் போட்டேன், போடச் சொன்னார்கள்.

கேள்விக்குறி: சிஸ்டர், இதை எழுதியதற்கு நன்றி. அமெரிக்காவில் எலிசபெத் ஸ்மார்ட் 2002-இல் பதினான்கு வயதில் கடத்தப்பட்டு ஒன்பது மாதம் சிறைபட்டிருந்தார். பள்ளியில் மென்ற சூயிங்கத்தை உவமையாகச் சொன்னதை 2013-இல் ஒரு மேடையில் நினைவுகூர்ந்தார். தனக்கு இனி மதிப்பே இல்லை என்று தோன்றிவிட்டால் தப்பி ஓட ஏன் மனசு வராது என்பது அப்போது புரிந்தது என்றார். கதை எங்கே போய்க் குத்துகிறது, பார்த்தீர்களா அம்மா?

நல்லாசிரியை: அவர் மார்மன் சபையைச் சேர்ந்தவர்.

கேள்விக்குறி: அதனால்?

நல்லாசிரியை: அவர்கள் உபதேசம் வேறு. தவிர, நான் ரோஜாவும் சொல்வதில்லை, சூயிங்கமும் சொல்வதில்லை. வேதத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். மௌனவாசகி மகளே, உனக்காக ஜெபிக்கிறேன். ஆனால் உன் டீச்சர் செய்ததற்கு நான் பொறுப்பில்லை.

ஒலிவக்கிளை: வேதத்தில் இருப்பது என்றால் 34-ஐ முழுசாக வாசியுங்கள். தீனாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவுக்குச் செய்தி தெரிந்தும் பிள்ளைகள் வரும்வரை வாய் திறக்கவில்லை. அண்ணன்மார் ஊரையே வெட்டினார்கள். அவளிடம் ‘உனக்கு என்ன ஆயிற்று’ என்று கேட்க ஒருவரும் இல்லை. பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே எவ்வளவோ இருக்கிறது, நீங்கள் வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்கிறீர்கள்.

பழைய_ஏடு: பையன்களுக்கு யார் பாடம் எடுக்கிறார்கள்? ‘வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான்?’ என்று சங்கீதம் 119:9 கேட்கிறது. வாலிபன். தன்னை வற்புறுத்திய எஜமானின் மனைவியை விட்டு ஓடியதும் யோசேப்பு, ஆண் பிள்ளை.

நல்லாசிரியை: பையன்கள் வகுப்பு என் பொறுப்பில் இல்லை. அதை எடுப்பவர் கிரிக்கெட் கதை சொல்லி நேரத்தை ஓட்டுகிறார், அது வேறு விஷயம். பேச்சை மாற்றாதீர்கள். தீனாள் வீட்டிலேயே இருந்திருந்தால் சீகேம் பார்த்திருப்பானா?

கேள்விக்குறி: சீகேம் வீட்டிலேயே இருந்திருந்தால்?

நல்லாசிரியை: இதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் நீங்களா வந்து நிற்பீர்கள்? நான்தான் நிற்கிறேன், 22 வருடமாக.

செபமாலை: ஆதியாகமம் 37:35-இல் யாக்கோபுக்குக் ‘குமாரத்திகள்’ என்று பன்மையில் வருகிறதே, அப்படியானால் ஒரே மகள் என்பதும் தப்புதானே?

கேள்விக்குறி: ‘பெயர் சொல்லும்’ என்று எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள்.

செபமாலை: மருமகள்களையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு.

நல்லாசிரியை: மருமகளை விடுங்கள். புறப்பட்டாளா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒலிவக்கிளை: புறப்பட்டாள். ரெபெக்காளும் புறப்பட்டாள்.

நல்லாசிரியை: அதைத்தானே நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.