பழைய போன்ல என்கிரிப்ட் பண்ணி கிளவுடுக்கு ஏத்த முடியுமா?

செல்வி_தேனி:
அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட், பத்திரம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து கிளவுட்ல வச்சிருக்கேன், அப்படியே தெறந்து கெடக்குதேன்னு மனசு கேக்கல. 2 ஜிபி ராம் போன், பைல பூட்டுற என்கிரிப்ட் ஆப் ஒண்ணு போட்டா கை சுடுற அளவுக்கு சூடாகுது. லேசா வேற வழி இருக்கா?

குமரன்:
உங்க பிராசஸர்ல ஏஇஎஸ்-க்கான (நெறைய ஆப் பூட்டுறதுக்கு வச்சிருக்குற முறை) தனி வசதி இல்லன்னு தோணுது அக்கா. டெர்மக்ஸ்ல (போன்லயே கட்டளை டைப் பண்ற ஆப்) cat கட்டளைய வச்சு, பிராசஸர் விவரம் இருக்குற சிபியுஇன்ஃபோ (/proc/cpuinfo) பைல தெறந்து, ஃபீச்சர்ஸ் வரில ஏஇஎஸ்னு இருக்கானு பாருங்க. இல்லன்னா சாச்சா20 மாதிரி சைபர்தான் (பூட்டுற முறை) சரி, கூட்டல், பிட்டுகள சுழற்றல், எக்ஸார்னு (ரெண்டு பிட்ட ஒப்பிடுற கணக்கு) எளிய வேலை மட்டும்தான், சாதா பிராசஸரே வேகமா பண்ணிடும். கூகுள் 2019-ல இந்த மாதிரி போனுக்குன்னே அடியாண்டம்னு ஒரு பூட்டுற முறைய கொண்டு வந்தாங்க, ஆனா அது போனுக்குள்ள இருக்குற ஸ்டோரேஜுக்கு, கிளவுடுக்கு இல்ல.

ரவி_எண்ணூர்:
ஆர்குளோன்னு கிளவுடுக்கு பைல் ஏத்துற ஒரு புரோகிராம் இருக்கு, அதுல கிரிப்ட்ங்கிற பூட்டுற வசதிய போடுங்கம்மா. சாச்சா20-க்கு சொந்தக்கார சைபரான எக்ஸ்சால்சா20, மாத்துனா கண்டுபிடிக்கிற பாலி1305, ரெண்டையும் வச்சு 64 கேபி துண்டு துண்டா பூட்டுது, நடுவுல யாராவது ஒரு துண்ட மாத்துனாலும் தெறக்குறப்ப பிடிபட்டுடும். ஒண்ணு முக்கியம், ஆர்குளோனோட செட்டிங்ஸ் இருக்குற கான்ஃபிக் பைல்ல பாஸ்வேர்டு சும்மா மறைச்சுதான் இருக்கும், அதுக்கும் தனியா பாஸ்வேர்டு வைங்க. நான் போன் தொலைச்சப்ப கான்ஃபிக்கும் போச்சு, பாஸ்வேர்ட நோட்டுல எழுதி பீரோல வச்சதாலதான் பொண்ணோட சின்ன வயசு போட்டோ திரும்ப கெடச்சுது.

செல்வி_தேனி:
பாத்தேன், ஏஇஎஸ் இல்லவே இல்ல! ராத்திரி போட்டு பாக்குறேன், ரொம்ப நன்றிண்ணா, தம்பிக்கும்.