நாலு நாள் காற்று விட்டும் பாஸ்பேட் இறங்கவில்லை, ஏன்?

சேற்றுக்கை:

ஆக்சிஜன் குறைந்த கடலோரத்து அடிச்சேறு, மூன்று கோர் குழாய்கள் (சேற்றை அடுக்குக் குலையாமல் அப்படியே எடுக்கும் குழாய்). இரண்டு வாரமாக இவற்றோடுதான் குடித்தனம். ஒவ்வொரு குழாயிலும் பாதிக்குச் சேறு, மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கடல்நீர். இருட்டில் மூடி வைத்து, ஆக்சிஜன் தானாகத் தீரட்டும் என்று விட்டேன். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியது, பாஸ்பேட் அசையவில்லை. பூஜ்யத்தைத் தொட்டது, அப்போதும் அசையவில்லை. நைட்ரேட் காலியான பிறகுதான் பாஸ்பேட் கிடுகிடுவென ஏறியது. அம்மோனியம் முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது.

அப்புறம் பம்ப் வைத்துக் காற்று விட்டேன். முன்பு ஏரிச் சேற்றில் இதையே செய்திருக்கிறேன். அங்கே மறுநாள் காலையில் சேற்றின் மேல் துரு நிறத்தில் மெல்லிய தோல் படர்ந்திருந்தது, நீரில் பாஸ்பேட் ஏறக்குறைய இல்லை. இங்கே நாலு நாளாகியும் பாதிகூட இறங்கவில்லை.

கூடவே இரண்டு சந்தேகம். சேற்றுத் துகள்களுக்கு இடையில் இருக்கும் ஊடுநீரை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் உறிஞ்சி எடுத்து, ஆழத்துக்கு ஆழம் பாஸ்பேட் எப்படி மாறுகிறது என்பதை வைத்து மேலே எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போட்டேன். நிஜத்தில் வந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் வருகிறது. எது பொய்? அப்புறம், காணாமல் போன நைட்ரேட் முழுக்க நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதலாமா?

கப்பல்காரன்:

தம்பி, பம்பில் குறை இல்லை. ஏரிப் பாடத்தைக் கடலுக்குக் கொண்டுவந்ததுதான் சிக்கல்.

சேற்றில் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இரும்புத் துரு. நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டுக்குப் போகும், பிறகு மாங்கனீசு, அதற்கும் பிறகுதான் துரு. நைட்ரேட் இருக்கும்வரை துரு தப்பித்தது, அதனால்தான் உங்கள் பாஸ்பேட் அசையவில்லை. இங்கிலாந்தின் ஏரிகளை ஆராய்ந்த மார்ட்டிமர் என்ற விஞ்ஞானி 1941-42இலேயே இதன் அடிப்படையை எழுதிவிட்டார். துரு கரையும்போது இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தே நீருக்குள் வரும். காற்று பட்டதும் சேர்ந்தே படியும். உங்கள் ஏரிச் சேற்றில் பார்த்த தோல் அதுதான்.

கடலில் குறுக்கே ஒருவன் நிற்கிறான்: சல்பேட். கடல்நீரில் லிட்டருக்கு 28 மில்லிமோல். பல ஏரிகளில் அதில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். நுண்ணுயிர்கள் சல்பேட்டில் கைவைத்ததும் சல்பைடு வருகிறது. அது இரும்பைக் கண்ட இடத்திலேயே மடக்கி, கருப்பு இரும்புச் சல்பைடாகவும் நாளடைவில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமாகவும் சேற்றுக்குள் நிறுத்திவிடுகிறது. பாஸ்பேட் மட்டும் துணையில்லாமல் மேலே வருகிறது. ஒரு பாஸ்பேட்டைத் திரும்பக் கீழே இழுக்க ஏறக்குறைய இரண்டு இரும்பு அணுவாவது வேண்டும். மேல்நீரில் இரும்பை அளந்தீர்களா? பற்றாக்குறையாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். கருப்புச் சல்பைடும் காற்று பட்டால் மறுபடி துருவாகும்தான். ஆனால் சேற்றுக்குள் இருப்பதற்குக் காற்று போய்ச் சேர நாளாகும்.

பால்டிக் கடல் மாட்டிக்கொண்டிருப்பதும் இதில்தான். 1980களுக்குப் பிறகு நிலத்திலிருந்து வரும் பாஸ்பரஸை நிறையக் குறைத்துவிட்டார்கள். இருந்தும் ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் சேறு பழைய பாஸ்பேட்டைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. அங்கே நைட்ரேட் வாயுவாகத் தொலைகிறது, பாஸ்பேட் தங்கிவிடுகிறது. மிதவைப் பாசிகளுக்கு 16 நைட்ரஜனுக்கு 1 பாஸ்பரஸ் என்ற கணக்கில் வேண்டும். அது கெட்டுப்போனால், காற்றின் நைட்ரஜனையே பிடித்துக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசிக்குக் கொண்டாட்டம். கோடையில் அது பரவி, செத்து, கீழே விழுந்து, மிச்ச ஆக்சிஜனையும் தின்கிறது.

உப்புமூட்டை:

அண்ணா இரும்பைப் பார்த்துக்கொண்டார். எனக்கு ஒரே கேள்வி: ஊடுநீர் எடுத்த சிரிஞ்சுகளை எத்தனை நேரம் வைத்திருந்தீர்கள்?

சேற்றுக்கை:

ராத்திரி பதினொன்றாகிவிட்டது. ரேக்கில் நிறுத்திவிட்டுப் போய், காலையில்தான் அளந்தேன். எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. காலையில் மேல்மட்டத்து சிரிஞ்சுகள் இரண்டு மூன்றின் அடியில் மட்டும் மஞ்சளாக ஏதோ இருந்தது. ஃபில்டர் பண்ணிவிட்டேன் அக்கா.

உப்புமூட்டை:

அந்த மஞ்சளோடு உங்கள் பாஸ்பேட்டையும் சேர்த்து ஃபில்டரில் பிடித்துக் குப்பையில் போட்டுவிட்டீர்கள்! குழாய்க்குள் நடக்காத வேலை சிரிஞ்சுக்குள் நடந்திருக்கிறது. எடுத்த நிமிடமே ஃபில்டர் செய்து, ஒரு சொட்டு அமிலம் விட்டால் இரும்பு கரைந்தே இருக்கும். ஆழத்து மாதிரிகளில் சல்பைடு இருந்தால் பாஸ்பேட்டை அளக்க வரவழைக்கும் மாலிப்டினம் நீல நிறத்தையும் அது கெடுக்கும். அமிலம் விட்டு நைட்ரஜனைக் குமிழ விட்டால் அதுவும் வெளியேறிவிடும். லேபின் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் செய்யுங்கள், வெளியேறும் சல்பைடு விஷவாயு.

இதைச் சரிசெய்தாலும் கணக்கு முழுக்கப் பொருந்தாது. பாஸ்பேட் விடுபடும் இடம் மேல் சில மில்லிமீட்டர். நீங்கள் சென்டிமீட்டர் கணக்கில் எடுத்தால் அந்தச் செங்குத்தான ஏற்றம் சராசரியில் அமுங்கிப்போகும். குழாயில் நேரடியாக அளந்ததை நம்புங்கள்.

நைட்ரேட்டுக்கு: எழுத வேண்டாம். சல்பைடு மிகுந்த சேற்றில் நைட்ரேட்டின் ஒரு பகுதி வாயுவாகாமல் அம்மோனியமாகத் திரும்பிவிடும். அதாவது உரம் உரமாகவே தங்குகிறது. அம்மோனியம் ஏறியதை வைத்து இதைப் பிரித்தறிய முடியாது, அதில் பெரும்பங்கு மட்கும் பொருளிலிருந்தே வருகிறது. நைட்ரஜன்-15 (சற்றுக் கனமான நைட்ரஜன் அணு) அடையாளம் போட்ட நைட்ரேட் இல்லாமல் பிரிப்பது கடினம்.

சேற்றுக்கை:

மேல்நீரில் இரும்பு பார்த்தேன். பாஸ்பேட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கப்பல்காரன் அண்ணா பந்தயத்தில் ஜெயித்துவிட்டார்.

இன்று காற்று விடாத ஒரு குழாயைத் திறந்து சேற்றை மேலே தள்ளினேன். அழுகின முட்டை நாற்றம், லேப் முழுக்கத் திட்டு. உள்ளே மை மாதிரிக் கருப்பு. ஆனால் மேல்பரப்பில் நூல் நூலாக வெள்ளைப் படலம், ஊசியால் தொட்டால் சிலந்தி வலை போல ஒட்டிக்கொண்டு வருகிறது. பூஞ்சையா?

கப்பல்காரன்:

பூஞ்சை இல்லை, பெரும்பாலும் பெக்கியாட்டோவா. சல்பைடை எரித்துப் பிழைக்கும் பாக்டீரியா. வெள்ளையாகத் தெரிவது உள்ளே இருக்கும் கந்தக மணிகள். உப்புமூட்டை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த வகையில் பெரிய உருவங்கள் நைட்ரேட்டை உடம்புக்குள் பை போட்டுச் சேர்த்து வைக்கும், சுற்றியுள்ள நீரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. உங்கள் காணாமல் போன நைட்ரேட்டில் கொஞ்சம் அங்கேயே ஒளிந்திருக்கலாம். மேல் அரை சென்டிமீட்டரைச் சீவி உறைய வைத்து, உருக்கிப் பாருங்கள். பைகள் வெடித்து நைட்ரேட் வெளியே வரும்.

சேற்றுக்கை:

சீவி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். பாதியை உறைய வைக்காமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், ஒப்பிட. இந்த முறை உடனே ஃபில்டர் பண்ணிவிட்டேன் அக்கா.