சிங்கப்பூருக்கு டிபியில் (வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்கான டிபெண்டண்ட் பாஸ்) வந்திருக்கும் தங்கைகளுக்கும், அவர்களைக் கூட்டி வந்த தம்பிகளுக்கும்

நேற்று ஒரு தங்கை கேட்டிருந்தார். சிங்கப்பூர் வந்து நாலு மாதம் ஆகிறது, ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் தினமும் தலைவலி, தூக்கம் இல்லை, இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று. தண்ணீரில் குறை இல்லை தங்கச்சி. எனக்கும் இதே தலைவலி இருந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2014இல் ஜூரோங் வெஸ்டில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் காமன் ரூமில், அதாவது தனிக் குளியலறை இல்லாத ஒரு வாடகை அறையில், குடியேறினோம். லைட் குக்கிங் மட்டும் என்றார் ஓனர், அதாவது தாளிக்கக் கூடாது. கணவர் காலை ஏழரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்கு வருவார். ஊரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு நாள் முழுக்க அந்த ஒரு அறைதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஓனர் குடும்பம் என்பதால் சண்டையைக்கூடக் கிசுகிசுவென்றுதான் போட்டோம், அப்புறம் அதுவும் நின்றுபோய் மூன்று நாள் நான்கு நாள் பேச்சே இருக்காது. தலைவலி வரும் நாட்களை நாட்காட்டியில் குறித்து வரும்படி ஒரு மருத்துவர் சொன்னார். குறித்துப் பார்த்தால், பேசாமல் இருந்த நாட்களும் வலித்த நாட்களும் அநேகமாக ஒன்றாகவே இருந்தன.

இதை மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 42 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2005இல் வெளியிட்டார்கள். கையில் சின்னக் கொப்புளக் காயம் உண்டாக்கி, ஒரு முறை அன்பாகப் பேச வைத்தார்கள், இன்னொரு முறை தங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயத்தைப் பேச வைத்தார்கள். சச்சரவு பேசிய முறை காயம் ஆற ஏறக்குறைய ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது. எப்போதும் ஒருவரையொருவர் குத்திப் பேசும் தம்பதிகளுக்கு, அப்படி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் 60 சதவீத வேகத்தில்தான் ஆறியது. காயத்துக்கே இப்படி என்றால் தூக்கமும் வயிறும் தலையும் மட்டும் எப்படித் தப்பும்?

கல்யாணம் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அதுவும் அப்படி இல்லை. 2008இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், நல்ல மணவாழ்க்கை உள்ளவர்களின் ரத்த அழுத்தம் தனியாக இருப்பவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. கசந்துபோன மணவாழ்க்கையில் இருப்பவர்களுக்கோ தனியாக இருப்பவர்களைவிட அதிகமாக இருந்தது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் போன் நேரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ஊருக்கும் இங்கேயும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அம்மா சீரியல் முடித்துவிட்டுப் பத்து மணிக்குக் கூப்பிட்டால் இங்கே பன்னிரண்டரை. எடுக்காவிட்டால் வருத்தம், எடுத்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தூக்கம் போச்சு, அடுத்த நாள் இரண்டு பேருக்கும் எரிச்சல். நாங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரம் சொல்லிவிட்டோம்: இங்கே இரவு ஒன்பதரை, அங்கே ஏழு. மாமியார் ஒரு மாதம் முகம் தூக்கினார், பிறகு பழகிவிட்டார். ஊருக்கு மாதம் எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்புவது என்பதையும் இதேபோல இருவரும் உட்கார்ந்து முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள், சம்பளம் வந்த அன்று பேசாதீர்கள்.

தம்பிகளே, மனைவியை டிபியில் கூட்டி வர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும் என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 2021 மே முதல், டிபியில் இருப்பவர் ஒரு கம்பெனியில் வேலை பார்க்க அவருக்கே தனியாக வேலை அனுமதி தேவை. அதாவது நீங்கள் ஒரு வேலைக்கு வந்தீர்கள், அவர் ஒரு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். அது போடும் ரணம் லேசில் ஆறாது. நீங்களும் ஆபீஸ் பாரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள், என் கணவர் அப்படி வைத்திருந்துதான் முப்பத்தாறு வயதில் பிரஷர் மாத்திரை தொடங்கினார். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் பேசத் தொடங்கிய பிறகு அவர் தூங்குவதை நான் கண்ணால் பார்த்தேன்.

வொர்க் பெர்மிட்டில், அதாவது கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற வேலைகளுக்கான அனுமதியில், வந்தவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. அவர்களுக்கு அந்த வீடியோ காலே குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா) நண்பர்களோடு உட்கார்ந்து பேசுவதை வீண்பொழுது என்று நினைக்காதீர்கள் அண்ணன்களே, அது உடம்புக்கும் நல்லது.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். நான் சொன்னதெல்லாம் சாதாரண மனக்கசப்புக்கு. கை ஓங்குகிறார், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கிறார், பாஸை ரத்து செய்துவிடுவேன் என்று மிரட்டுகிறார் என்றால் அனுசரித்துப் போ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 1800-777-0000, குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 999. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 1767. மூன்றையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள், உங்களுக்கு வேண்டாம் என்றாலும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேண்டியிருக்கலாம்.

கேள்வி கேட்ட தங்கச்சி, நீங்களும் ஒரு மாதம் நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள், அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகம்) நமக்கு மானியம் கிடையாது, அதனால் கணவரின் கம்பெனிக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நான் இப்போது செங்காங்கில் இருக்கிறேன். செவ்வாய், வியாழன் காலை எட்டு மணிக்கு நாங்கள் நாலைந்து பேர் பொங்கோல் நீர்வழி ஓரமாக நடக்கிறோம், முடித்துவிட்டு ஆளுக்கொரு டீ. எந்த வட்டாரத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், எந்த பஸ் என்று நான் சொல்கிறேன்.