செத்த வீட்டில் சிரிப்பு வருகிற ஆட்கள் இங்கே இருக்கிறீர்களா?

வேலியோரம், கோண்டாவில்:

எல்லாருக்கும் வணக்கம். மனதில் கிடந்து உருளுகிற ஒரு விசயம், யாரிடமாவது சொல்ல வேண்டும்.

என் அம்மம்மா தனக்கு என்று ஒரு சேலை வாங்கி வைத்திருந்தார். சாவுக்கு. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட காஞ்சிபுரம். பழைய பேப்பரில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் இருபது வருசத்துக்கு மேல் இருந்தது. வெயில் நல்லா எறிக்கிற நாளாகப் பார்த்து வெளியே எடுத்து, கொடியில் விரித்து, மடிப்பை மாற்றி மடித்து வைப்பார். 2017இல் பெரியம்மாவின் மகளுடைய கலியாணத்துக்கு எனக்கு நல்ல சேலை ஒன்றும் அமையவில்லை. அம்மம்மா தானாகவே அதை எடுத்துத் தந்தார். தரும்போது, "கறி ஊத்திப்போடாதை பிள்ளை, எனக்குப் போகேக்கை வேணும்" என்றார். நாளைக்குச் சந்தைக்குப் போகிற மாதிரியான குரல்.

நான் ஊற்றிவிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. கிணற்றடியில் எத்தனையோ தரம் அலசியும் ஐந்து ரூபாய்க் குற்றியளவில் ஒரு கறை நின்றுவிட்டது. கறை உள்ளே போகிற மாதிரி மடித்துக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவருக்குக் கண் சரியாகத் தெரியவும் இல்லை.

போன மாதம் 91 வயதில் போய்விட்டார். குளிப்பாட்டி, பெண்கள் எல்லாரும் சேர்ந்து சேலை உடுத்தினோம். மடிப்பை விரிக்க விரிக்க எனக்கு நெஞ்சு இடிக்கிறது. கடைசியில் அந்தக் கறை சரியாக நெஞ்சுக்கு நேரே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் வந்து உட்கார்ந்தது. அம்மா கறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது கத்தரிக்காய் எல்லோ" என்றார். எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது, அம்மாவுக்கும் அப்படித்தான், பிறகு பெரியம்மாவும் சேர்ந்துகொண்டார். வெளியே விறாந்தையில் இருந்த ஆட்கள் எங்களுக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்துச் சோடா உடைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, செத்தவருக்கு மரியாதை இல்லாத வேலை என்று கோபித்துக்கொண்டார். எனக்கு அப்படித் தெரியவில்லை. அம்மம்மாவை நினைக்கிறபோது முதலில் வருவதே அந்தக் கறைதான், அதோடு வருகிற அன்பு வேறெதிலும் இப்படி வருவதில்லை. உங்கள் வீடுகளிலும் இப்படி இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், எனக்குக் கேட்க ஆசை.

---

பழைய_சைக்கிள், சாவகச்சேரி:

தங்கச்சி, இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. 1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த எங்களுக்கு இந்தச் சிரிப்பு சாப்பாடு மாதிரி. சவர்க்காரம் யானை விலை, பல நாள் காசிருந்தாலும் கிடைக்காது. சனம் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது. அழுக்குப் போகும், ஆனால் வாசம் போகாது. எங்கள் அப்பாவின் ஒரே நல்ல சேட்டு அப்படித் தோய்த்துக் கொடியில் கிடந்தபோது, பக்கத்து வீட்டு மாடு வேலிக் கதியாலை விலக்கிக்கொண்டு வந்து ஒரு கையை முழுசாகச் சப்பித் தின்றுவிட்டது. அடுத்த நாள் சங்கக் கடையில் நிவாரணம் எடுக்க வேண்டும். வேறு சேட்டு இல்லை. அப்பா ஒரு கை நீளம், மறு கை தோளோடு என்று அதையே போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றார். அந்த வரிசையில் அப்பாவைச் சுகம் கேட்டவர் எவருமில்லை, எல்லாரும் கேட்டது "மாடு சுகமோ மாஸ்டர்?" அப்பா ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னார்: "சுகம், இரவைக்கு மற்றக் கைக்கு வாறன் எண்டு சொன்னது."

முதல் நாள்தான் குண்டு விழுந்து, அந்த வரிசையில் நின்ற சிலர் வீட்டுக் கூரையை இழந்திருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். குண்டு போட வருகிற பெரிய விமானத்துக்கே எங்கள் சனம் சகடை என்றுதானே பெயர் வைத்தது. கொல்ல வருகிறதை ஆடி ஆடி வருகிற பழைய வண்டில் ஆக்கிவிட்டார்கள். பங்கருக்குள் குந்தியிருந்து அந்தப் பெயரைச் சொல்கிறபோது பயம் ஒரு சாண் குறையும், எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொன்று, இந்தக் குணம் சண்டையோடு வந்ததும் இல்லை. 1963இலேயே சிவஞானசுந்தரம் சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கிவிட்டார். பழைய இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் கிடக்கின்றன. அவருடைய சவாரித்தம்பர் கேலிச்சித்திரங்களைப் பாருங்கள், எங்கள் ஒழுங்கையில் இருந்த ஆட்கள் அப்படியே இருப்பார்கள்.

---

கல்வெட்டுக்காரன்:

நான் அச்சகத்தில் வேலை. செத்தவரின் நினைவாக 31ஆம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் பக்கம் அமைப்பதுதான் என் பாதி நாள். தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, அப்புறம் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசையாக வரும்.

ஒரு ஐயா இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், பழைய தமிழ் வாத்தியார். தன் கல்வெட்டைத் தானே எழுதிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில், வெண்பாவில் தளை தட்டும் என்று அவருக்குக் கவலை. இறந்த திகதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். மனைவி புலம்பலும் அவரே எழுதியது. அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு புரூவ் பார்க்க வந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்துவிட்டு, மூன்றாவது பாட்டில் விரலை வைத்து, "தம்பி, இந்த ரெண்டு வரியையும் எடுங்கோ, நான் இவருக்கு இப்பிடி அழமாட்டன்" என்றார். ஐயா, எடுத்தால் தளை தட்டும் என்கிறார். அம்மா, தட்டட்டும் என்கிறார். அரை மணித்தியாலம் போனது. கடைசியில் "உயிரே" என்று இருந்ததை எடுத்துவிட்டு வேறொரு சொல் போட்டோம். தளையும் தட்டவில்லை, அம்மாவுக்கும் திருப்தி.

ஒவ்வொரு தை மாதமும் ஐயா வருவார், வம்சாவளியில் புதுப் பேரப்பிள்ளை சேர்க்க. இந்தத் தை அம்மாவும் ஒரு கொப்பி கொண்டு வந்தார், தன்னுடையது. திறந்து பார்த்தால் கணவன் புலம்பல் மட்டும் நாலு பக்கம். அழுகை போதாது என்று ஐந்தாவது பக்கம் எழுதப் போகிறாராம். அந்த இரண்டு பேரையும் பார்த்த நாளில் எனக்கு வேலைக் களைப்பே தெரியாது.

---

மணல்காட்டு_நிலா:

எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், நான் கொஞ்சம் மற்றப் பக்கம் சொல்கிறேன்.

எங்கள் அப்பா குடிப்பார். செத்து மூன்றாம் நாள் முற்றத்தில் இருந்த ஆட்களில் ஒருவர், "அவரின்ரை கட்டைக்கு மண்ணெண்ணெய் தேவைப்பட்டிராது" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தேத்தண்ணித் தட்டத்தோடு குசினி வாசலில் நின்றேன். தட்டத்தைக் கீழே வைக்கவும் முடியவில்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியவில்லை. இன்றைக்கும் அந்த மனிசனோடு எனக்குக் கதை இல்லை.

ஆனால் இரண்டாம் வருசத் திவசத்தன்று, படையலுக்கு முன்னால் தம்பி அதே பகிடியை, கிட்டத்தட்ட அதே சொல்லில் சொன்னான். நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கு விக்கல் எடுத்து, தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவ வேண்டி வந்தது. வசனம் ஒன்றுதான். அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் கிடத்தின கை தம்பியுடையது, குடித்த இரவுகளில் படலையைத் திறந்து வைத்துக் காத்திருந்தவனும் அவன். முற்றத்தில் இருந்தவருக்கு அப்பா ஒரு கதை மட்டும்தான்.

அதனால் அக்கா, உங்கள் ரொறன்ரோச் சொந்தக்காரரைப் பெரிதாக எடுக்க வேண்டாம், அவர் கறையைக் காணவில்லை. ஆனால் இந்தக் கதையை அம்மம்மாவைத் தெரியாத ஆட்களிடம் சொல்கிறபோது ஆள் பார்த்துச் சொல்லுங்கள்.

---

வேலியோரம், கோண்டாவில்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பழைய சைக்கிள் அண்ணை, உங்கள் அப்பாவின் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், உடனே தங்கள் வீட்டு மாடு தின்ற பாவாடைக் கதையைத் தொடங்கிவிட்டார், இரவுச் சாப்பாடு பிந்திவிட்டது. கல்வெட்டு அண்ணை, அம்மம்மாவின் 31க்கு நாங்கள் அடிக்கிற புத்தகத்தில் பேரப்பிள்ளைகள் புலம்பலுக்குள் கத்தரிக்காய் வருமா என்று பார்க்கிறேன், அம்மா சம்மதம். நிலா, நீங்கள் சொன்னது நெஞ்சில் தைத்தது. ரொறன்ரோக்காரர் அம்மம்மாவைக் கடைசியாகப் பார்த்தது 1995 இடப்பெயர்வுக்கு முதல். அவரிடம் எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது விளங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் எடுத்து, அந்தச் சேலையை அம்மம்மா கொடியில் விரிக்கிற கதையிலிருந்து தொடங்கப் போகிறேன்.

நேற்று அம்மா அலுமாரியைத் திறந்து, பேப்பரில் சுற்றின ஒன்றை எடுத்து எனக்குக் காட்டினார். மயில்கழுத்து நிறம், மெல்லிய சரிகை. எப்போது வாங்கினார் என்றே எனக்குத் தெரியாது. "இது ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை" என்று சொல்லித் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

ஆவணியில் மச்சாளுக்குக் கலியாணம். கேட்டுப் பார்க்கத்தான் போகிறேன்.