திகாரில் கிரண் பேடி உண்மையில் என்னதான் செய்தார்?

வாசல்திண்ணை:
புதுச்சேரியில் துணைநிலை ஆளுநராக இருந்துகொண்டு அரசோடு மல்லுக்கு நின்ற கிரண் பேடியைத்தான் எனக்குத் தெரியும். நேற்று அப்பா, "அந்தம்மா திகார் ஜெயிலையே மாத்தினவங்கடா" என்றார். தேடிப் பார்த்தால் 1993-இல் சிறைத்துறை ஐ.ஜி.யாகப் போயிருக்கிறார், 1995-இல் மாற்றிவிட்டார்கள், நடுவில் 1994-இல் மகசேசே விருது. இரண்டு வருடத்தில் ஒரு ஜெயிலை மாற்ற முடியுமா, இல்லை பத்திரிகைகள் ஊதிய பலூனா?

செந்தாமரை:
ஊதினதும் உண்டு, உள்ளே சரக்கும் உண்டு. யாரும் கேட்டு வாங்கும் போஸ்டிங் இல்லை அது. மிசோரமிலிருந்து சர்ச்சையோடு திரும்பியவரை ஓரங்கட்டத்தான் அங்கே போட்டார்கள் என்பதுதான் அப்போதைய பேச்சு. முதல் நாள் கைதிகளிடம் போய், "பிரார்த்தனை செய்வீர்களா?" என்று கேட்டு, அவர்களைக் கண்ணை மூட வைத்துக் கூடவே நின்று வேண்டிக்கொண்டதாக அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். லத்தியோடு வரும் ஆளை எதிர்பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

எனக்குப் பெரிதாகப் படுவது மனுப்பெட்டிதான். பூட்டுப் போட்ட பெட்டி வார்டு வார்டாகப் போகும், பெயர் போடாமலும் எழுதலாம், புகார் நேராக ஐ.ஜி.க்கு. அதற்கு முன்னால் வார்டர் மேல் புகார் என்றால் அதையும் வார்டர் கையில்தானே கொடுக்க வேண்டும், அது எந்த அடுப்பில் போய் எரியும் என்று சொல்லவா வேண்டும்.

கறுப்புக்கோட்டு:
பெட்டி நல்ல விஷயம்தான், ஆனால் திகாரின் வியாதி வேறு. அப்போது மூவாயிரம் பேருக்குக்கூட இடமில்லாத ஜெயிலில் எட்டாயிரத்துக்கும் மேல், அதிலும் பத்தில் ஒன்பது பேர் விசாரணைக் கைதிகள். கேஸ் நகர்வது கோர்ட்டின் கையில், ஐ.ஜி. என்ன செய்வார் பாவம். அதிகபட்ச தண்டனையில் பாதியை உள்ளேயே கழித்துவிட்ட விசாரணைக் கைதியை விடச் சொன்ன, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 436ஏ பிரிவே 2005 திருத்தத்தில்தான் வந்தது. என் கட்சிக்காரர் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்தும் ஷூரிட்டி (பிணை) நிற்க ஆளில்லாமல் நாலு மாதம் உள்ளேயே கிடந்தார், அவருக்கு எந்தப் பெட்டியில் மனு போடுவது?

நடுப்பகல்:
வக்கீல் சார் சொல்வது சரி, ஆனால் கேஸ் நகராத அந்த வருடங்களை ஒரு ஆள் எப்படிக் கழிக்கிறார் என்பதும் ஒரு கேள்வி இல்லையா? படித்த கைதியை வைத்தே படிக்காதவர்களுக்கு வகுப்பு எடுக்க வைத்தார், பீடி சிகரெட்டை நிறுத்தினார் (அதற்கு எத்தனை பேர் சபித்தார்களோ), 1994 ஏப்ரலில் தியான ஆசிரியர் கோயங்காவை வரவழைத்து ஆயிரம் பேருக்கு மேல் விபாசனா தியானம். பத்து நாள் வாய் பேசாமல் ஆயிரம் கைதிகள், நினைத்துப் பாருங்கள். பெண்கள் பகுதியில் அம்மாக்களோடு உள்ளேயே வளர்ந்த குழந்தைகளையும் கவனித்தார்.

விளம்பரப் பிரியர் என்று மேலே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 1986-இல் காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த இனிப்பைக் கொடுத்துவிட்டு இதே திகாரிலிருந்து ஓடிய தொடர் கொலையாளி சார்லஸ் சோப்ராஜுக்கு டைப்ரைட்டர் அனுமதித்ததெல்லாம் பெரிய சர்ச்சையானது. என்னைக் கேட்டால் அது தேவையில்லாத வேலை.

வாசல்திண்ணை:
நன்றி. அப்பாவிடம் டைப்ரைட்டர் கதையைச் சொன்னேன், "சோப்ராஜ் ஓடினப்ப ஐ.ஜி. யாரு, அந்தம்மாவா?" என்று என்னையே மடக்குகிறார்.