போர்ட்டிக்கோவில் போம் ட்ரெய்லர்: மேலே கான்வஸா, எபொக்சியா?

கடலோர வீடு
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தெஹிவளையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறோம். வீட்டு முன் போர்ட்டிக்கோ 16 அடிக்கு 9 அடி. இரண்டு மாதமாக அதில் ஒரு சின்னப் படுக்கை ட்ரெய்லர் செய்துகொண்டிருக்கிறேன். 8 அடி நீளம், நாலரை அடி அகலம், 4 அடி உயரம். இரண்டு பேர் படுக்கலாம், எழுந்து நிற்க முடியாது. சில்லு பூட்டிய கட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்த மகளுக்கு ஒன்பது வயது. முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, இருக்கிறது. அம்மா பிறந்த தோட்டம் அப்புத்தளைப் பக்கம் என்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போவோம். போன ஏப்ரலில் தங்கிய இடத்தில், மெத்தையில் படுத்து அரை மணி நேரத்தில் பிள்ளைக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. விடியும்வரை வேனின் முன் சீட்டில் அவளை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி இருந்தேன். இனி அவள் போகிற இடத்துக்கெல்லாம் அவளுடைய கட்டிலும் கூட வரவேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். ஈரத்துணியால் துடைக்கக்கூடிய சுவர், வீட்டில் துவைத்த விரிப்பு. அவ்வளவு போதும்.

இழுக்கப்போவது மைத்துனரின் டவுன்ஏஸ் டீசல் வேன்.

சுவருக்குப் பலகை எடுக்காமல் போம் எடுத்தது எடைக்காக. ஆறு பக்கமும் சேர்த்து 16 சதுர மீட்டர் வருகிறது. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அடித்தால் பலகை மட்டும் 115 கிலோ. எக்ஸ்பிஎஸ் என்கிற நீல நிறக் கெட்டிப் போமில், 50 மில்லிமீட்டர் தடிப்பில், அதே அளவு 26 கிலோதான். குளிர் அறை கட்டும் ஒருவரிடம் மிச்சம் கிடந்த 24 ஷீட்டை வாங்கினேன். ஒரு ஷீட் ஒன்றேகால் கிலோகூட இல்லை. சின்னவள் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து தந்தாள்.

போன சனிக்கிழமை இடது பக்கச் சுவருக்கு மூன்று ஷீட்டை ஒட்டினேன். செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் கம். எதையும் பிடிக்கும் என்று கடையில் சொன்னார்கள். கொஞ்சம் காயவிட்டு அழுத்தினேன், நன்றாகப் பிடித்தது. காலையில் பார்த்தால் மூட்டு நெடுகிலும் உள்வாங்கிக் கிடக்கிறது. விரலை வைத்தேன், இரண்டு கணு இறங்கியது. உள்ளே நீலமெல்லாம் போய், இறுகின கித்துள் பாணி மாதிரிப் பழுப்பாக, நூல் நூலாக இழுபட்டது. மூன்று ஷீட்டும் போயிற்று.

இனித் தவறக்கூடாது என்பதால் கேட்கிறேன். மூட்டுக்கு எந்தக் கம்? மேலே மரக் கம் பூசிக் கான்வஸ் ஒட்டிப் பெயிண்ட் அடிப்பதா, பைபர் துணி வைத்து, இரண்டு திரவம் கலந்தால் இறுகும் எபொக்சி ரெசின் பூசுவதா? குறைகிற இடத்துக்குச் சாதாரண வெள்ளை ரெஜிபோம் போடலாமா? வெல்டிங் பாஸ் சட்டத்துக்கு 2 அங்குல, 3 மில்லிமீட்டர் தடிப்புப் பொக்ஸ் பார், அதுதான் சதுர இரும்புக் குழாய், நாலு நீளம் கேட்கிறார். அதுவும் சரியா என்று சொல்லுங்கள்.


மூன்றாம் கியர்
ஞாயிறு, இரவு 10.15

தம்பி, நான் கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் பி வகுப்பு என்றால், பின்னால் பூட்டும் ட்ரெய்லரின் வெறும் எடை 250 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. அந்த எண்ணை போர்ட்டிக்கோச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பாஸ் கேட்கிற பொக்ஸ் பார் 20 அடி நீளம் ஒன்று 27 கிலோ. நாலு நீளம் 108. போமில் மிச்சம் பிடித்த எடையெல்லாம் இரும்பில் போய்விடும். வேனோடு பூட்டும் நீட்டுக்கும் அது வந்து சேரும் முன்பக்கத்துக்கும் மட்டும் அந்தத் தடிப்பு போதும். மற்ற இடங்களுக்கு 2க்கு 1 அங்குலம், 2 மில்லிமீட்டர் போடச் சொல்லுங்கள், அதில் ஒரு நீளம் 14 கிலோவுக்குள். மொத்தம் எழுபது சொச்சத்தில் முடியும். அக்ஸிலும் சில்லும் பழைய வாகனப் பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுப்பதென்றால் சின்னக் காரின் பின் அக்ஸிலாகப் பாருங்கள். பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம், பாரம் அக்ஸிலுக்கு முன்னால் கொஞ்சம் கூட இருக்கவேண்டும். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து வீதம் வேனோடு பூட்டும் கொக்கியில் உட்காரவேண்டும். 250 கிலோவுக்கு 25 முதல் 37 கிலோ. குளியலறைத் தராசைக் கொக்கிக்குக் கீழே வைத்தால் தெரிந்துவிடும். பின்பாரம் ஏறினால் ட்ரெய்லர் வாலாட்டும், பிறகு வேனையும் சேர்த்து ஆட்டும். இருபது வருஷம் லொறி ஓட்டியவன் சொல்கிறேன். அப்புத்தளைப் பாதையில் ஹல்துமுல்லை தாண்டிப் பெரகலைக்கு ஏறும்போது ஒன்றுமில்லை. திரும்பி இறங்கும்போதுதான் பின்னால் இருப்பது தள்ளும். கியரைக் குறைத்து இறங்குங்கள், பிரேக்கை நம்பி இறங்காதீர்கள். ஓடும்போது பிள்ளை ட்ரெய்லருக்குள் இருக்கவே கூடாது.

இரும்பு வெட்டும் முன் ஒரு படம் வரைந்துகொண்டு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய், பதிவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். செய்து முடித்த பிறகு கேட்பது வீண் அலைச்சல்.


அலைப்பலகை
திங்கள், காலை 6.05

தம்பி, அந்த மூன்று ஷீட்டை நினைத்து மனம் வருந்தவேண்டாம். எனக்கும் முதலில் அதுதான் நடந்தது. ஊர் பொத்துவில். அறுகம்பையில் பதினொரு வருஷம் அலைச்சறுக்குப் பலகை திருத்தினேன், இப்போது கல்கிசையில் இருக்கிறேன். போமும் ரெசினும்தான் என் கைத்தொழில்.

நீல எக்ஸ்பிஎஸ், வெள்ளை ரெஜிபோம் இரண்டுமே பொலிஸ்டைரீன். தின்னர், பெட்ரோல், மஞ்சள் கம்மில் இருக்கும் கரைப்பான் எல்லாம் அதைக் கரைக்கும். படகுக்குப் பாவிக்கும் மலிவான பொலியெஸ்டர் ரெசினும் கரைக்கும், ஏனென்றால் அந்த ரெசினுக்குள்ளேயே ஸ்டைரீன் இருக்கிறது. ஹார்ட்வெயார் கடையில் ‘பைபர் ரெசின்’ என்று கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் தருவார்கள். நீங்கள் ‘எபொக்சி’ என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். எது வாங்கினாலும் துண்டுப் போமில் ஒரு சொட்டு விட்டு, அடுத்த நாள் காலை வரை பார்த்துவிட்டுத்தான் சுவரில் வையுங்கள்.

மூட்டுக்கு, தண்ணீர் பட்டால் நுரைக்கும் பொலியூரித்தேன் கம். வெள்ளை மரக் கம் தண்ணீர் வற்றித்தான் காயும். இரண்டு போமுக்கு நடுவில் தண்ணீர் போக வழியில்லை, அதனால் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பொலியூரித்தேனுக்கு ஈரம்தான் வேண்டும். ஒரு பக்கம் கம்மை மெல்லப் பரப்பி, மறு பக்கம் ஸ்பிரே போத்தலால் தண்ணீர் தெளித்து, சேர்த்து வைத்துப் பாரம் ஏற்றுங்கள். நுரை தள்ளும், பாரம் இல்லாவிட்டால் மூட்டு திறந்துவிடும். பிதுங்கி வருவதைத் துடைக்கவேண்டாம், காய்ந்த பிறகு பிளேடால் சீவலாம். ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்தக் கம்மில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. முட்டு உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஒட்டுகிற நாளும் அடுத்த நாளும் மகளை யாராவது சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். சூட்டுக் கம்பியால் போம் வெட்டவும் வேண்டாம், அந்தப் புகையும் கெட்டது. கூரான பிளேடு போதும்.

இனி மேல்தோல். கான்வஸைக் குறை சொல்லமாட்டேன். அமெரிக்காவில் வீட்டில் செய்கிற நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், காசும் குறைவு. ஆனால் சாதாரண மரக் கம் ஈரத்தில் இளகும். ஒக்டோபர், நவம்பர் மழை உங்கள் ஒழுங்கையில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள பைபர் துணியும் எபொக்சியும் போடுங்கள், உள்ளே கான்வஸ் போடுங்கள். வெளித் தோல் முழுவதும் எட்டு, பத்து கிலோவுக்குள் அடங்கும்.

எபொக்சியைச் சின்னக் கப்பில் கலக்குங்கள், 200 மில்லிக்கு மேல் வேண்டாம். நம் சூட்டில் கப்புக்குள் வைத்திருந்தால் தானே கொதித்துப் புகைக்கும். கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் ஆறுதலாக வேலை செய்யலாம். ஈரக்காற்று உள்ள நாட்களில் காய்ந்த எபொக்சிமேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், விரலால் தடவினால் வழுக்கும். அதை வெறும் தண்ணீரும் பச்சைத் தேய்ப்பானும் கொண்டு கழுவாமல் அடுத்த கோட்டோ பெயிண்டோ அடித்தால் தோல் மாதிரி உரிந்து வரும். இந்தப் படலத்தைக் கழுவாமல் விட்டு எத்தனை பலகை திரும்பி வந்தது தெரியுமா! கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம்.

ரெஜிபோம் வெளிச்சுவருக்கு வேண்டாம். அதன் மணிகளுக்கு நடுவால் தண்ணீர் ஊரும். அலைப்பலகையில் நகக்கண் அளவு வெடிப்பு விழுந்தால் ஒரு நாள் கடலுக்குப் போய் வந்ததும் பலகை கனக்கும், அதே கதைதான். கதவுப் பிணைச்சல், லைட், பூட்டு வரும் இடமெல்லாம் போமைத் தோண்டி மரக்கட்டை வைத்து எபொக்சியால் ஒட்டிவிட்டு அதில் ஆணி முடுக்குங்கள். போமில் முடுக்கிய ஆணி நிற்காது. கடைசியில் வெள்ளைப் பெயிண்ட். இருண்ட நிறம் அடித்தால் வெயிலில் கூரை சுட்டு, 75 பாகைக்கு மேல் போனால் போம் இளகத் தொடங்கும்.


மாடிப்பூ
திங்கள், பகல் 1.20

அண்ணா, எனக்கு வெல்டிங், ரெசின் எதுவும் தெரியாது. ஆனால் என் மகனுக்கும் முட்டு இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் செய்வது காற்றுப் புகாத பெட்டி. அப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேலே. வெளியே குளிர், உள்ளே இரண்டு பேரின் மூச்சு. விடியும்போது சுவரிலும் மெத்தைக்கு அடியிலும் தண்ணீர் நிற்கும். அதில் பூஞ்சணம் பிடித்தால், எந்த மெத்தைக்குப் பயந்து ஓடி வந்தீர்களோ அதே மெத்தை உங்கள் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். கூரையில் ஒரு காற்றுத் துவாரம், எதிர்ப் பக்கம் கீழே இன்னொன்று, இரண்டுக்கும் நுளம்பு வலை. இரவிலும் மூடவேண்டாம். மெத்தையைத் தரையில் போடாமல் இடைவெளி விட்ட சட்டங்கள்மேல் போடுங்கள், அடியில் காற்று ஓடும். எங்கள் வீட்டில் மகனின் கட்டிலை அப்படி மாற்றிய பிறகுதான் இருமல் குறைந்தது. தேத்தண்ணி வைப்பது வெளியேதான். உள்ளே அடுப்புப் பற்றவைக்கவே கூடாது.

உள்ளே ஒட்டும் கான்வஸைப் புறக்கோட்டையில் எடுங்கள், படங்கு வேண்டாம், வெறும் பருத்தி. ஒரு தரம் துவைத்துக் காயவைத்து ஒட்டினால் கஞ்சி போய்க் கம் நன்றாக ஊறும். மூலைகளில் 3 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வரட்டும்.


கடலோர வீடு
மூன்று வாரம் கழித்து, சனி மாலை

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அலைப்பலகை அண்ணா சொன்னபடி துண்டுப் போமில் இரண்டு மாதிரி செய்து மதில்மேல் வைத்தேன். ஒன்று மரக் கம், கான்வஸ், பெயிண்ட். மற்றது பைபர் துணி, எபொக்சி. ஒன்பது நாள் மழை வெயில் இரண்டும் பட்டது. கான்வஸ் துண்டின் நடுப்பகுதி அப்படியே நல்லாக இருந்தது. ஆனால் பெயிண்ட் ஓடாத ஒரு விளிம்பில் கம் வெள்ளையாக மாறி, நகத்தால் கிளப்ப வந்தது. எபொக்சித் துண்டைச் சீமெந்துத் தரையில் மூன்று தரம் போட்டேன், மூலை மட்டும் நசுங்கியது. அதோடு முடிவு செய்துவிட்டேன், வெளியே எபொக்சி.

எட்டு ஷீட் பொலியூரித்தேனால் ஒட்டியாயிற்று. பாரத்துக்கு அம்மாவின் அரிசி மூட்டை, இரண்டு தண்ணீர்க் கான். ஒட்டிக் காயவைத்த நான்கு நாளும் மகள் வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். குறைந்த ஷீட்டுக்குப் பதில் அதே ஆளிடம் இன்னும் இரண்டு நீல ஷீட் கிடைத்தது. முதல் எபொக்சிக் கோட்டில் அந்த வழுக்குப் படலம் வந்தது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அதை மினுக்கம் என்றுதான் நினைத்திருப்பேன். கழுவிய தண்ணீர் கலங்கி வந்தது.

எடைக் கணக்கு இப்போது கிலோவில் இப்படி நிற்கிறது: சட்டம் 74, அக்ஸிலும் சில்லும் 61, போமும் தோலும் 40க்குள், கதவு, கட்டில் சட்டம், லைட் எல்லாம் சேர்த்து 35 என்று வைத்திருக்கிறேன். 210. பாஸ் முதலில் முகத்தைச் சுளித்தார். எடையைக் கடதாசியில் எழுதிக் காட்டியதும் தானே 2க்கு 1 பாருக்கு மாறினார். நாரஹேன்பிட்டிக்கும் படத்தோடு போய்வந்தேன்.

ஒரு கேள்வி பாக்கி. கதவை எந்தப் பக்கம் வைப்பது? இடமா, பின்னாலா?


மூன்றாம் கியர்
சனி, இரவு 8.30

இடப் பக்கம், தம்பி. நம் ரோட்டில் ஓரம் கட்டினால் இடது பக்கம்தான் புல்லும் வடிகானும். பிள்ளை இறங்கும்போது லொறி வரும் பக்கம் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். உள்ளே இருந்தும் திறக்கக்கூடிய பூட்டாகப் போடுங்கள், அவள் கைக்கு எட்டும் உயரத்தில். பூட்டு வாங்கும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.