ஒற்றைக்குழல் துவக்கின் பாரத்தையும் விசையின் இறுக்கத்தையும் குறைக்க உதவி தேவை

கேள்வி (தம்பிலுவில்):
அனைவருக்கும் வணக்கம். சாகாமம் குளத்தின் கீழுள்ள எங்கள் வயலில் பன்றிக் காவலுக்காக எனது பெயரில் லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் 12 போர் துவக்கை வைத்திருக்கிறேன். முந்தைய பிடிக்கட்டை உடைந்த பின், ஊர்த் தச்சர் ஒருவர் முதிரையில் செய்து பூட்டிய கட்டைதான் இப்போது இருக்கிறது. இரவில் வரம்பு வழியே வாடிக்கு நடக்கும்போது துவக்கின் பாரம் முழுவதும் பின்பக்கமாக இழுக்கிறது. விசையோ, இழுத்து முடிவதற்குள் குழலின் வாய் வலப்புறம் சாய்ந்துவிடும் அளவுக்கு இறுகியிருக்கிறது. மீன் நிறுக்கும் சுருள் தராசைக் கொளுவி இழுத்தபோது முள் நான்கு கிலோவைத் தாண்டிய பிறகே சுத்தியல் விழுந்தது. வெளிநாட்டு வேட்டை ரைபிள்களுக்குக் கார்பன் பைபர் கட்டையும் புதிய ட்ரிகரும் வீட்டிலேயே மாற்றுவதை வீடியோக்களில் பார்த்தேன். எனது துவக்குக்கும் அவ்வாறு வாங்கிப் பூட்ட முடியுமா, அல்லது சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் பல்லை அரத்தால் சற்றுத் தேய்த்தால் போதுமா?

பதில் (கல்முனை, தற்போது கனடா):
தம்பி, நீங்கள் பார்த்தது போல்ட் ரைபிளாக, அதாவது கைப்பிடியுள்ள தாழ்ப்பாளைப் பின்னிழுத்துத் தோட்டா ஏற்றும் வகையாக, இருக்க வேண்டும். 1962இல் விற்பனைக்கு வந்த அத்தகைய அமெரிக்க ரைபிளான ரெமிங்டன் 700இல் ட்ரிகர் ஒரு தனிப் பெட்டி. இரண்டு குறுக்கு ஊசிகளைத் தட்டி எடுத்தால் அது கழன்றுவிடும். அதன் இடத்தில் டிம்னி போன்ற நிறுவனங்களின் ட்ரிகரைப் பொருத்தி, இழுவையை (விசையை இழுக்கத் தேவையான பலத்தை) ஏறத்தாழ 0.7 முதல் 1.8 கிலோ வரை திருகாணியால் அமைத்துக்கொள்ளலாம். கட்டையும் அடியிலிருந்து ஏறும் இரண்டு திருகாணிகளால் மட்டுமே பிடிக்கப்படுவதால், மாற்றிய பின் அவற்றை முறுக்கு அளக்கும் கருவியால் 65 அங்குல-இறாத்தல் அளவில் முடுக்கி, குழல் எங்கும் கட்டையில் உரசாமல் ஒரு தாள் நழுவும் இடைவெளி உள்ளதா என்று பார்ப்பார்கள். உங்கள் துவக்கில் விசை, பல், சுத்தியல் மூன்றும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால், தனியே வாங்கிப் பூட்டும் ட்ரிகர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அரத்தைத் தயவுசெய்து கையில் எடுக்காதீர்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்யப்பட்ட அதே ரெமிங்டன் 700 ரைபிள்களின் எக்ஸ்-மார்க் புரோ ட்ரிகர்களில், ஒட்டுப்பசை மிகுதியாகச் சேர்ந்திருந்தால் விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும் என்பதற்காக நிறுவனமே 2014இல் அவற்றைத் திரும்பப் பெற்றது. அந்த இடத்தில் ஒரு துளிப் பசையே அவ்வளவு செய்யுமென்றால், அரம் என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் (சம்மாந்துறை, துவக்குத் திருத்துநர்):
தம்பி, இந்த வகைத் துவக்கில் 1.8 முதல் 2.7 கிலோ வரையான இழுவை இயல்பானது. நான்கு கிலோ என்றால் உள்ளே அழுக்கு இறுகியிருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். நம் பக்கத்தில் துவக்குக்குத் தேங்காயெண்ணெய் பூசும் பழக்கம் உண்டல்லவா? அது வயல் தூசியோடு சேர்ந்து, பல்லைச் சுற்றி மஞ்சள் மெழுகுபோலப் படிந்துவிடும். தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, கட்டையின் தோளில் படும் முனையிலுள்ள பின்தகட்டைக் கழற்றினால் கட்டைக்குள் நீளமாக ஓடும் ஒற்றை ஆணி தெரியும். அதைத் தளர்த்தினால் கட்டை கையோடு வந்துவிடும். கூட்டை மண்ணெண்ணெயில் தூரிகையால் கழுவி, நன்கு உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி மட்டும் விடுங்கள். எதையும் தேய்க்க வேண்டாம்.

பாரத்துக்குக் காரணம் முதிரைதான். நேரான இழை ஓடும் உலர்ந்த தேக்கில் அதே அளவில் கட்டை செய்தால் கால் கிலோ அளவு குறையும், ஆனால் கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் இழை குறுக்கே வெட்டுப்பட்டால் புதிய கட்டையும் அங்கேதான் பிளக்கும். பாரம் குறைந்தால் உதை (சுடும்போது தோளில் படும் பின்தள்ளல்) கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்: மூன்று கிலோத் துவக்கை இரண்டரைக் கிலோவாக்கினால் அதே தோட்டாவின் உதையாற்றல் ஐந்தில் ஒரு பங்கு உயரும். குழலை வெட்டிப் பாரம் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அது லைசென்ஸோடு விளையாடும் காரியம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, நானா. கழற்றிப் பார்த்தபோது நீங்கள் சொன்ன மஞ்சள் படிவு பல்லின் அடியிலும் சுருள்வில்லின் மடிப்புகளிலும் கட்டியாக இருந்தது. கழுவிய பின் தராசு மூன்று கிலோவுக்குச் சற்றுக் கீழே காட்டுகிறது. இனித் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்க்கலாமா?

பதில் (சம்மாந்துறை, துவக்குத் திருத்துநர்):
இன்னும் இல்லை. வெடித்து முடிந்த வெற்றுத் தோட்டா ஒன்றைப் போட்டு, சுத்தியலை ஏற்றி, பின்தகட்டை ரப்பர் விரிப்பின் மேல் சில தடவை தட்டுங்கள். சுத்தியல் ஒருமுறை விழுந்தாலும் பல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் அதை உரிமம் பெற்ற திருத்துநரிடம்தான் கொடுக்க வேண்டும். விழாவிட்டால் உள்வேலை முடிந்தது. தேக்குக் கட்டையைப் பெரும்போகத்துக்கு முன் செய்விக்கலாம், பின்தகட்டுக்குப் பதிலாக ஓர் அங்குல ரப்பர் வைப்பதானால் மரத்தை அந்த அளவு குறைத்து வெட்டச் சொல்லுங்கள். இல்லையேல் துவக்கு தோளுக்கு எட்டாமல் நீண்டுவிடும்.